ஆகாயத்தில் மணியோசை

கோயில் யானை வீதியில் வரும்போது, யானை கண்ணுக்குத் தென்படுமுன்னரே அதன் மணியோசை நம் காதில் விழுகின்றது. தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைத் தாய் எடுத்துத் திண்ணைமேல் நிறுத்திக்கொள்கிறாள். கூடை சுமந்து வருபவள் ஓரமாக ஒதுங்குகிறாள். வண்டிக்காரன் மாட்டைப் பிடித்து நிறுத்துகிறான். யானை அமைதியாகக் கடந்து போகின்றது. ஒருவருக்கும் ஒரு தீங்கும் இல்லை. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்று நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழியில், போக்குவரத்து விதிகள் அனைத்தின் சாரமும் அடங்கியிருக்கின்றது எனலாம். சட்டென்று நிற்கவோ விலகவோ இயலாத ஒன்று பொது வழியில் வருமாயின், அது வருவதற்கு முன்னே அதன் செய்தி வந்துவிட வேண்டும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆகாய வீதியைப் பற்றியது. நூற்றுக்கணக்கான பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய நகரத்தை நோக்கி இறங்கி வருகின்றது ஒரு விமானம். அதே ஆகாயத்தில், பாரசூட் அணிந்த பதினைந்து இருபது பேரைச் சுமந்துகொண்டு மேலே ஏறியிருக்கின்றது ஒரு சிறு விமானம். சிறு விமானத்தின் கதவு திறக்கின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெட்டவெளியில் பாய்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒருவரோடொருவர் மோதாதபடி காப்பது எது? கண்ணா, கருவியா, அல்லது வேறொன்றா? இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

விமானத்திலிருந்து குதித்தல் என்பது ஒரு காலத்தில் படைவீரர்களுக்கும், பழுதான விமானத்தைக் கைவிட்டுத் தப்ப வேண்டிய விமானிகளுக்குமே பெரும்பாலும் உரியதாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அது விளையாட்டாக வளரத் தொடங்கிற்று. 1959ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு என்னும் சிற்றூரில் ஜாக் இஸ்டெல் என்பவர் பாரசூட் விளையாட்டுக்கென்றே ஒரு நிலையத்தை நிறுவினார். அதன் பின் அத்தகைய நிலையங்கள் அந்நாடெங்கும் பெருகின. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ், டூசான் என்னும் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள எலாய் என்னும் ஊர் இன்று உலகப் புகழ் பெற்ற குதிப்புத் தலங்களுள் ஒன்று. இரு பெரிய விமான நிலையங்களுக்கு நடுவே அது அமைந்திருக்கின்றது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். ஏனெனில், நம் பொருளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. குதிப்போர் நகரவாசிகள், நகரத்திலிருந்து ஓரிரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தையே அவர்கள் நாடுவார்கள். பிரயாணிகள் விமானமும் நகரத்தையே நாடி வருகின்றது. ஆகவே, இருவரும் ஒரே வட்டாரத்து ஆகாயத்தில் சந்திக்க நேர்வது வியப்பன்று.

இனி, ஒரு குதிப்பு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் காண்போம். சிறு விமானம் ஏறத்தாழ 13,000 அடி உயரத்துக்கு ஏறுகின்றது. காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, எந்த இடத்தில் குதித்தால் குறித்த மைதானத்தில் இறங்கலாம் என்பதை முன்னரே முடிவு செய்திருப்பார்கள். அவ்விடத்தை நெருங்கியதும் விமானம் நேர்கோட்டில் செல்லும், கதவு திறக்கும், குழுக் குழுவாகச் சில வினாடி இடைவெளி விட்டுக் குதிப்பார்கள். வயிறு கீழ்நோக்கி, கை கால்களை விரித்து விழும் மனிதன் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வருகிறான். இவ்வாறு ஏறத்தாழ ஒரு நிமிஷம் விழுந்தபின், நாலாயிரம் ஐயாயிரம் அடி உயரத்தில் பாரசூட்டை விரிக்கிறான். அதன் பின் ஐந்தாறு நிமிஷங்கள் மிதந்து வந்து தரையைத் தொடுகிறான். இதற்கிடையில் அவனை ஏற்றி வந்த விமானமும் சும்மா இருப்பதில்லை. அடுத்த குழுவினர் கீழே காத்திருக்கிறார்கள்; எனவே அது செங்குத்தாகச் சரிந்து, பல சமயங்களில் குதித்தவர்களுக்கு முன்னரே தரைக்கு வந்துவிடுகின்றது.

இந்த 13,000 அடிக்கும் தரைக்கும் இடைப்பட்ட பகுதி எத்தகையது? பெரிய விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்து செல்லும்போது அதற்கும் பாரசூட் வீரனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அது புறப்பட்டு ஏறும்போதும், சேருமிடத்தை அணுகி இறங்கும்போதும் இந்தப் பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். அமெரிக்க விதிப்படி 10,000 அடிக்குக் கீழே விமானங்கள் 250 நாட்டு வேகத்தை மீறலாகாது. நாட்டு என்பது விமானிகளும் மாலுமிகளும் வழங்கும் வேக அளவு. 250 நாட்டு என்பது மணிக்கு 463 கிலோமீட்டர். அந்த உயரத்துக்கு மேலே வேகம் இன்னும் அதிகமாகவே இருக்கும். அதாவது, பாரசூட் வீரன் விரிந்த கைகளோடு விழுந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில், பெரிய விமானம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தூரம் வந்துவிடுகின்றது. அவன் கதவை விட்டுக் குதிக்கும்போது அடிவானத்தில் ஒரு கடுகளவாகத் தெரிந்த பொருள், அவன் பாரசூட்டை விரிக்கும்போது அவன் தலைக்கு மேலே இருக்கலாம்.

'கண் இருக்கிறதே, பார்த்து ஒதுங்கிக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்கத் தோன்றும். விமானப் போக்குவரத்தின் தொடக்க காலம் முதல் 'கண்டு விலகுதல்' என்பதே அடிப்படை விதியாக இருந்து வந்தது. இன்றும் அது விமானியின் கடமையேயாகும். ஆயினும் கண்ணின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. மோதும் பாதையில் வரும் இரு விமானங்களுக்குள் ஒரு விசித்திரமான உண்மை இருக்கின்றது. மோதாமல் விலகிப் போகும் விமானம் நம் கண்ணாடியில் இடமிருந்து வலமாகவோ, மேலிருந்து கீழாகவோ நகர்ந்துகொண்டே இருக்கும்; அந்த அசைவே நம் கண்ணை இழுக்கும். நேராக நம்மை மோத வரும் விமானமோ கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். கண்ணாடியில் ஒட்டிய தூசி போலச் சிறிதாக நின்று, கடைசிச் சில வினாடிகளில் திடீரென்று பெருத்துவிடும். அபாயம் இல்லாதது கண்ணில் படுகின்றது. அபாயமானது கண்ணுக்கு மறைந்து நிற்கின்றது.

அப்படியே கண்டுவிட்டாலும், கண்ட பொருள் விமானம் என்று உணர்ந்து, மோதும் என்று தெளிந்து, எப்பக்கம் விலகுவதென முடிவு செய்து, கையை அசைத்து, விமானம் அதற்கு இணங்கித் திரும்புவதற்குள் பன்னிரண்டரை வினாடி கழிந்துவிடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் விமானிகளுக்கு விடுத்த அறிவுரையில் கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றது. பெரிய விமானம் மட்டுமே அந்த நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் முன்னேறிவிடும். விழும் மனிதனை எவ்வளவு தொலைவிலிருந்து காண முடியும்? ஆறடிக்கும் குறைவான ஓர் உருவத்தை, வானத்தின் பின்னணியில், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கண்டுபிடிக்கும் கண் நம்மில் யாருக்கு உண்டு?

கண் போதாது என்பதை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1956ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து சில நிமிஷ இடைவெளியில் புறப்பட்ட இரு பிரயாணிகள் விமானங்கள், அரிசோனாவின் மாபெரும் பள்ளத்தாக்குக்கு மேலே 21,000 அடி உயரத்தில் மோதிக்கொண்டன. 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்பகுதி ஆகாயத்தில் விமானிகள் தம் கண்ணையே நம்பிப் பறக்க வேண்டியிருந்தது. அத்துயரத்தின் விளைவாகவே 1958இல் அமெரிக்காவில் புதிய விமானச் சட்டம் பிறந்து, ஆகாயம் முழுமைக்கும் பொறுப்பேற்கும் ஓர் அரசு நிறுவனம் தோன்றிற்று. பாரசூட் விளையாட்டிலும் இத்தகைய துயரம் நேர்ந்ததுண்டு. 1993ஆம் ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டனில், குதித்து விழுந்துகொண்டிருந்த ஒருவர், அவ்வழியே வந்த ஒரு சிறு விமானத்தின் வாற்புறத்தில் மோதினார். குதித்தவர் காயத்தோடு உயிர் பிழைத்தார். விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டனர். விழும் மனிதன் தனக்கு மட்டுமே அபாயத்தைத் தேடிக்கொள்கிறான் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மறவாதிருத்தல் நன்று.

கண் போதாத இடத்தில் கருவி வந்தது. ராடார் வானொலி அலையை வீசி, அது விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு விமானம் இருக்கும் திசையையும் தொலைவையும் காட்டுகின்றது. டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவி, தரையிலிருந்து வரும் கேள்விக்கு விடையாக விமானத்தின் அடையாள எண்ணையும் உயரத்தையும் தானே தெரிவிக்கின்றது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செர்ரிட்டோஸ் என்னும் ஊருக்கு மேலே, அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் நுழைந்துவிட்ட ஒரு சிறு விமானம் பிரயாணிகள் விமானத்தோடு மோதிற்று. தரையில் இருந்தோர் உட்பட 82 பேர் உயிரிழந்தனர். சிறு விமானத்தின் கருவி தன் உயரத்தைச் சொல்லும் திறம் பெற்றிருக்கவில்லை. அதன் பின்னர் உயரத்தைச் சொல்லும் கருவி பெரிய நகரங்களைச் சூழ்ந்த ஆகாயத்தில் கட்டாயமாயிற்று; மோதலைத் தாமே உணர்ந்து 'ஏறு' என்றோ 'இறங்கு' என்றோ விமானிக்குக் கட்டளையிடும் கருவிகளும் பெரிய விமானங்களில் பொருத்தப்பட்டன. 2020ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு விமானமும் தான் இருக்கும் இடத்தை நொடிதோறும் ஒலிபரப்பும் முறையும் அமெரிக்க ஆகாயத்தின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆகவே குதிப்போரை ஏற்றிச் செல்லும் சிறு விமானம் கருவியின் கண்ணுக்குத் தப்புவதில்லை. எனினும் நாம் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கதவு திறக்கும் வரையில்தான் அந்த ஏற்பாடு பயன் தரும். கதவை விட்டு வெளியேறிய மனிதன் எந்தக் கருவிக்கும் மறுமொழி சொல்வதில்லை. பெரிய விமானத்தின் எச்சரிக்கைக் கருவி சிறு விமானத்தைக் காணும். அதற்குக் கீழே பரவி விழுந்துகொண்டிருக்கும் பதினைந்து பேரைக் காணாது. சிறு விமானம் செங்குத்தாகச் சரிந்து இறங்கும்போது, அதே வேகத்தில் அது தொடர்ந்து வரும் என்று கணக்கிட்டு, பெரிய விமானத்தின் கருவி வீணே அலறுவதும் உண்டு. தேவையான இடத்தில் அது பேசாமல் இருக்கின்றது. தேவையில்லாத இடத்தில் கூச்சலிடுகின்றது. கருவியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதற்கு விதிக்கப்பட்ட வேலை அவ்வளவே. விழும் மனிதனுக்காக வேறொருவர் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கின்றது. யானைக்குக் கட்டிய மணி இங்கே மனிதக் குரலாக மாறுகின்றது.

அந்த மணியோசை எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கின்றது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க விமான விதிகளில் 105ஆம் பகுதி முழுவதும் பாரசூட் குதிப்புக்கென்றே எழுதப்பட்டது. அதன் முதற்கொள்கை எளியது: ஆகாயத்தில் செல்வோர்க்கோ தரையில் இருப்போர்க்கோ அபாயம் விளையுமாயின் குதித்தல் கூடாது. பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு எல்லைகளுக்குள் அனுமதி பெறாமல் குதிக்க இயலாது. அவற்றுக்கு வெளியே அனுமதி தேவையில்லை. ஆனால் குதிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு உட்பட்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும், எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்திலிருந்து என்ற விவரங்களைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது விமானிகளுக்கான அறிவிப்பாக எங்கும் பரவும். நாள்தோறும் குதிப்பு நடைபெறும் இடங்கள் விமானிகளின் வரைபடத்தில் சிறு பாரசூட் உருவத்தால் குறிக்கப்பட்டிருக்கும். இது மணியின் முதல் ஒலி.

இரண்டாவது ஒலி ஆகாயத்திலிருந்தே எழுகின்றது. குதிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து நிமிஷம் முன்னதாகச் சிறு விமானத்தின் விமானி கட்டுப்பாட்டு நிலையத்தோடு வானொலித் தொடர்பு கொண்டிருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் எந்த எந்த விமானங்கள் வருகின்றன என்பதைக் கேட்டறிய வேண்டும். கட்டுப்பாட்டாளரும் தம் பொறுப்பில் உள்ள மற்ற விமானங்களுக்கு, 'இன்ன இடத்தில், இன்ன உயரத்திலிருந்து பாரசூட் குதிப்பு நடைபெறுகின்றது' என்று தெரிவிக்கிறார். குதிப்பு முடிந்துவிட்டது என்று தாமே அறிவிக்கும் வரையில் சிறு விமானத்தின் விமானி அந்த அலைவரிசையைக் காதில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டிய தொடர்பு கிடைக்குமுன் வானொலி பழுதாகிவிட்டால் அம்முறை குதிப்பு இல்லை. ஏறியவர்கள் விமானத்திலேயே இறங்க வேண்டியதுதான்.

ஐந்து நிமிஷம் என்பதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 250 நாட்டு வேகத்தில் வரும் விமானம் ஐந்து நிமிஷத்தில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடக்கும். குதிப்பு மைதானத்துக்கு 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே விமானி பத்துப் பாகை அளவு திரும்பினால் போதும். மைதானத்தை அடையும் நேரத்தில் அவர் 5 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருப்பார். பிரயாணிகளின் கையில் உள்ள காப்பிக் கோப்பை தளும்புவதற்குக் கூட இடமில்லாத அவ்வளவு மென்மையான திருப்பம் அது. அவர்களுள் பலர் அதனை உணரவும் மாட்டார்கள். கண்ணை நம்பினால் கிடைப்பது பன்னிரண்டரை வினாடி. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கிடைப்பது 300 வினாடி. பாதுகாப்பின் இரகசியம் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வேற்றுமைதான்.

மேகத்தைப் பற்றிய விதியும் இங்கே குறிப்பிடத் தக்கது. மேகத்துக்குள்ளோ மேகத்தை ஊடுருவியோ குதித்தல் கூடாது. 10,000 அடிக்கு மேலே, எட்டுக் கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். மேகத்துக்கு மேலும் கீழும் ஆயிரம் அடி, பக்கவாட்டில் ஒரு மைல் விலகி நிற்க வேண்டும். இவ்விதிக்கு விமானியும் பொறுப்பு, குதிப்பவரும் பொறுப்பு. மற்றவர்மேல் பழி போட்டுத் தப்பிக்க இருவருக்கும் இடமில்லை.

மணியோசை பிழையாக ஒலித்தால் என்னாகும்? இக்கேள்விக்கு விடையாக ஒரு துயர வரலாறு இருக்கின்றது. 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓஹயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு விமானத் தளத்தில் இறங்குவதற்காகப் பாரசூட் வீரர்கள் ஒரு பழைய போர்க்கால விமானத்தில் ஏறிச் சென்றனர். வழக்கத்தைவிட உயரமாக, 20,000 அடியிலிருந்து குதிக்கவேண்டும் என்பது அவர்கள் திட்டம். கீழே மேகம் மூடியிருந்தது, தரை தெரியவில்லை. ஆகவே விமானி, தாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கட்டுப்பாட்டு நிலையத்து ராடாரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவர்களைப் படமெடுப்பதற்காக இன்னொரு சிறு விமானமும் அதே தளத்திலிருந்து மேலே ஏறியிருந்தது. அக்காலத்து ராடார் திரையில், இன்று இருப்பதுபோல் ஒவ்வொரு ஒளிப்புள்ளியின் பக்கத்திலும் பெயரும் உயரமும் எழுதப்பட்டிருப்பது வழக்கமாகவில்லை. கட்டுப்பாட்டாளர் படமெடுக்கச் சென்ற விமானத்தின் புள்ளியைக் குதிப்போர் விமானத்தின் புள்ளி என்று தவறாகக் கொண்டார். தளத்துக்கு அருகே வந்துவிட்டீர்கள் என்ற பொருள்படும் செய்தி மேலே போயிற்று.

அதனை நம்பிப் பதினெட்டுப் பேர் குதித்தார்கள். மேகத்தைக் கடந்து கீழே வந்தபோது அவர்கள் கண்டது பச்சை வயல் அன்று. கரை தொலைவில் ஒதுங்கிக் கிடக்க, எங்கும் நீர்ப்பரப்பு. கனத்த உடையும் காலணியும் பாரசூட்டின் சுமையும் அவர்களை இழுத்தன. இருவரே காப்பாற்றப்பட்டனர், பதினாறு பேர் ஏரியில் மூழ்கி இறந்தனர். பின்னர் நடந்த வழக்கில், கட்டுப்பாட்டாளரின் தவறுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளில் பெரிய விமானம் ஒன்றும் அவர்கள் பாதையில் வரவில்லை. ஆனால் இவ்வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. எந்தப் புள்ளி யாருடையது என்று தெரியாமல் இடம் சொல்பவரால், பெரிய விமானத்துக்கும் சரியான இடத்தைச் சொல்ல இயலாது. ஒரே தவறு ஒருவரை நீரில் தள்ளும். மற்றொரு நாள் வேறொருவரை விமானத்தின் பாதையில் தள்ளும். மேகம் மூடிய வானில் குதித்ததும் ஒரு பிழை. புள்ளியை மாற்றி உணர்ந்ததும் ஒரு பிழை. இரண்டும் ஒன்று சேர்ந்தபோது பதினாறு குடும்பங்கள் துயரில் ஆழ்ந்தன. சொல் இருந்தால் மட்டும் போதாது. அது உண்மையான சொல்லாகவும், இருவரும் ஒரே பொருளில் புரிந்துகொண்ட சொல்லாகவும் இருத்தல் வேண்டும்.

இந்த உண்மையை நம் நாடும் கசப்போடு அறிந்திருக்கின்றது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி மாலை, டில்லியிலிருந்து புறப்பட்டு ஏறிய ஒரு சவூதி விமானமும், டில்லியை நோக்கி இறங்கி வந்த ஒரு கஜக விமானமும் அரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே மோதின. 349 பேர் மாண்டனர். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அக்காலத்தில் ஒரே வழியே இருந்தது. டில்லி நிலையத்து ராடார் அன்று விமானங்களின் உயரத்தைக் காட்டவல்லதாக இல்லை. கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்தை 14,000 அடியிலும் மற்றொன்றை 15,000 அடியிலும் நிற்குமாறு பணித்திருந்தார். எதிரே விமானம் வருகின்றது என்பதையும் தெரிவித்திருந்தார். மணி ஒலித்தது; ஆயினும் இறங்கி வந்த விமானம் தனக்கு விதித்த உயரத்தைக் காத்து நிற்கவில்லை. அதன் பின்னர் ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரத்தைக் காட்டும் ராடாரும், மோதலை எச்சரிக்கும் கருவியும் நடைமுறைக்கு வந்தன.

நம் நாட்டில் பாரசூட் என்றவுடன் ஆக்ரா நகரம் நினைவுக்கு வருகின்றது. இந்திய விமானப் படையின் பாரசூட் வீரர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கின்றது. அருகே உள்ள மல்புரா மைதானத்தில் படைவீரர்கள் இறங்கிப் பழகுகிறார்கள். படைத்துறைக் கட்டுப்பாட்டில் நடப்பதால் அங்கே ஒழுங்கு தானே அமைகின்றது. ஆனால் பொழுதுபோக்காகக் குதிக்கும் வழக்கமும் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் தலைகாட்டியிருக்கின்றது. அரியானாவிலேயே, சர்க்கி தாத்ரியிலிருந்து வெகு தூரம் இல்லாத நார்னவுல் பக்கத்தில் அத்தகைய குதிப்பு நடைபெற்றிருக்கின்றது. விமானப் பிரயாணமும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. இரண்டும் வளரும் நாட்டில், மணி கட்டும் வேலையை விபத்துக்குப் பின் தொடங்கலாம் என்று காத்திருத்தல் அறிவுடைமையாகாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'சிலருடைய விளையாட்டுக்காகப் பலருடைய உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்? குதிப்பதையே தடை செய்துவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் தெருவில் யானை வரலாகாது என்று நம் ஊரார் விதிக்கவில்லை. மணி கட்டிக்கொண்டு வரட்டும் என்றே விதித்தார்கள். பொதுவான ஆகாயத்தில் பிரயாணிக்கும் உரிமை உண்டு, விளையாட்டு வீரனுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை மணியோடு சேர்ந்தே வருகின்றது. வானொலியை மறந்த விமானிக்கும், மேகத்தைப் பொருட்படுத்தாத வீரனுக்கும் அவ்வுரிமை இல்லை. எதிர்ப்பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. அறிவிப்பைப் படிக்காமல் பறக்கும் விமானியும், வரைபடத்தில் உள்ள சிறு பாரசூட் உருவத்தைக் கண்டும் அதன்மேல் நேராகச் செல்லும் விமானியும், மணியோசை கேட்டும் வழி விடாதவரையே ஒப்பார்கள்.

இன்னும் ஒரு நுட்பத்தையும் சொல்லி முடிப்போம். சிறிய விமானத் தளங்களில் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பதில்லை. அங்கே வந்து போகும் சிறு விமானங்கள் தமக்குள் ஒரு பொது அலைவரிசையில் பேசிக்கொள்ளும். உயரத்தில் செல்லும் பெரிய விமானங்கள் கட்டுப்பாட்டு நிலையத்தின் வேறொரு அலைவரிசையில் பேசும். ஆதலால் குதிப்போரை ஏற்றிச் செல்லும் விமானி இரண்டு கூட்டத்தாரிடமும் பேச வேண்டும். கையில் விமானம், பின்னால் திறந்த கதவு, காதில் இரண்டு குரல்கள், கண்ணில் காற்றின் கணக்கு. இவ்வளவுக்கும் நடுவே அவர் சொல்லும் ஓரிரு வாக்கியங்களைப் பொறுத்தே, தம்மை அறியாத நூற்றுக்கணக்கானோரின் உயிர் இருக்கின்றது. அவ்வாக்கியங்கள் சுருக்கமாகவும் தெளிவாகவும் காலத்தோடும் அமைய வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

அடுத்த முறை நாம் விமானத்தில் செல்லும்போது, சேருமிடத்தை நெருங்கும் வேளையில் விமானம் காரணம் ஒன்றும் தெரியாமல் மெல்லத் திரும்பினால், நாம் சலித்துக்கொள்ள வேண்டுவதில்லை. தொலைவில் எங்கோ ஒரு மைதானத்துக்கு மேலே, கதவோரத்தில் சிலர் அணிவகுத்து நின்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்காக ஒருவர் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வானொலியில் பேசியிருப்பார். வேறொருவர் அதைக் கேட்டு நம் விமானியிடம் சொல்லியிருப்பார். நாம் அந்த மணியோசையைக் கேட்பதில்லை. ஆயினும் அது ஒலித்ததால்தான் அவர்கள் தங்கள் மைதானத்தில் இறங்குகிறார்கள். நாமும் நம் வீடு போய்ச் சேருகிறோம்.